ஒன்பது படிகளும் ஒரு பொய்யனும்

செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஒருவனை நான் தினமும் திட்டுகிறேன். பல் தேய்க்கும்போது திட்டுவேன், ரயிலுக்குக் காத்திருக்கும்போது திட்டுவேன். அவன் பெயர் எங்கள் கட்டட வாசலில் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது. அதை இங்கேயும் எழுதி அவனுக்கு இரண்டாவது தகடு மாட்ட எனக்கு இஷ்டமில்லை.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, ஹட்சன் ஆற்றின் இந்தப் பக்கம் சர்ச் மேல் சர்ச்சாகக் கட்டிய கட்டடக் கலைஞன் அவன். அவற்றில் ஒன்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஜெர்சி சிட்டியில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சபை கலைந்து ஆளில்லாமல் போன சர்ச்சை யாராவது வாங்கி, உள்ளே குறுக்கும் நெடுக்கும் சுவர் வைத்து, வீடு வீடாக விற்றுவிடுவார்கள். எங்கள் ஹாலில் ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் உண்டு. நடுவில் தளம் போட்டு இரண்டாக்கிவிட்டதால், அதிலிருக்கும் புனிதருக்கு இடுப்புக்குக் கீழே எங்கள் வீடு, இடுப்புக்கு மேலே மாடி வீடு. அவர் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாங்கியது என் பிடிவாதம். மனைவி எடிசன் ஊர்ப் பக்கம் தரையோடு தரையாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். “சர்ச்சுக்குள்ள எப்படிங்க குடித்தனம் பண்றது? வெள்ளிக்கிழமை விளக்கேத்தறதா, மெழுகுவர்த்தி ஏத்தறதா?” என்று கேட்டாள். ரயில் நிலையம் ஏழு நிமிஷ நடை என்று நான் வாயை அடைத்தேன். மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் காண்ட்ராக்டில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அவள் வேறொரு கம்பெனியில் டீம் லீட். நான் ஏழு நிமிஷத்தில் ரயிலடி போய்ச் சேரலாம் என்பதற்காக அவள் வாசலில் ஒன்பது கல்படிகளை வாங்கிப் போட்டேன்.

குடிவந்த இரண்டாவது வருஷம், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் அவள் காரை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. மூன்று மாதம் மருத்துவமனையிலும் பயிற்சி இல்லத்திலும் இருந்துவிட்டு வீல்சேரில் வீடு வந்தபோதுதான் அந்தப் படிகளை நான் முதன்முதலாக எண்ணினேன்.

முதல் சில தடவை மாடி வீட்டுக்காரர் வீல்சேரைத் தூக்குவார், நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன். தலை என் முதுகுப் பக்கம் தொங்கும். நான்காவது தடவை, தெருவில் நாயோடு நடந்து போனவர்கள் நின்று கைதட்டினார்கள். உற்சாகப்படுத்துகிறார்களாம்.

“இறக்குங்க. நான் என்ன அரிசி மூட்டையா?”

“ரெண்டு படிதான் பாக்கி.”

“இறக்குங்கன்னு சொன்னேன்.”

அன்றிலிருந்து அந்தப் படிகளில் அவள் தூக்கப்படவில்லை. கட்டடத்துக்குப் பின்வாசல் உண்டு. பின்பக்கம் மேடு என்பதால் அங்கே படி கிடையாது. ஆனால் அதற்குக் குப்பைத் தொட்டிகள் இருக்கும் அறை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தடவை போனாள். யாரோ கட்டாமல் போட்ட பையிலிருந்து மீன் தண்ணீர் அவள் மடியில் சொட்டியது. திரும்பி வந்து ஒரு மணி நேரம் குளித்தாள். “ஆஸ்பத்திரிக்கு மட்டும் இப்படிப் போறேன். வேற எதுக்கும் குப்பை ரூம் வழியா நான் போக மாட்டேன்” என்றாள். அதற்கப்புறம் ஜர்னல் ஸ்கொயரில் காய்கறிக் கடை இல்லை, கோயில் இல்லை, தோழிகள் வீட்டு கொலு இல்லை. வேலை வீட்டிலிருந்தே. தானாக ஒரு தடவை வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

படிகளுக்குப் பக்கவாட்டில் வீல்சேர் இறங்கச் சாய்வாக ஒரு ராம்ப் கட்ட அனுமதி கேட்டோம். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தலைவி இருக்கிறார். எழுபது வயது, ஓய்வுபெற்ற வக்கீல். வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து அந்த ஆளின் பெருமையைச் சுற்றிக் காட்டுவார். அவன் பெயரைச் சொல்லும்போது குரல் தாழும், சாமி பெயர் சொல்வது மாதிரி. தெருவின் அழுக்கிலிருந்து மனிதன் மேலேறி வர வேண்டும் என்று அந்தக் கலைஞர் நினைத்தார், அந்தப் படிகள் அவர் கல்லில் செய்த பிரசங்கம் என்று எனக்கு ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தார். என் மனைவி மேலேற வேண்டாம், கீழே இறங்கினால் போதும் என்றேன். அவருக்கு என் மீது வருத்தம்.

நகரத்தின் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது படிகளும் அந்தக் கலைஞரின் மூல வடிவமைப்பில் பிரிக்க முடியாத பகுதி. முன்பக்கத்தை மாற்ற அனுமதியில்லை. பின்வாசல் இருக்கிறதே. அவன் செய்தது என்பதுதான் காரணமென்றால், அவனையே உடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவன் பெரிய ஆளே இல்லை என்று காட்டிவிட்டால் அவன் படிக்கு என்ன மரியாதை?

சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போனேன். உள்ளூர் வரலாற்றுக்கென்று மாடியில் ஓர் அறை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் தருவார்கள். எங்கள் சர்ச்சைக் கட்டும்போது அவன் சபை நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதங்கள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. அவன் மேல் வழக்குப் போடுவதற்காகவே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அவனோடு யாராலும் ஒத்துப்போக முடியவில்லை. வந்த கல்லின் நிறம் முந்தைய வண்டிக் கல்லோடு சேரவில்லை என்று, இறக்க விடாமல் அந்த வண்டி மீதே ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒரு வளைவு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று மூன்று தடவை பிரிக்க வைத்தான். மூன்றாவது தடவை கொத்தனார் கரணையை அவன் காலடியில் எறிந்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். ஆர்கன் என்ற பாட்டுப் பெட்டி மேற்கு ஜன்னலை மறைக்கும் என்று, பெட்டியே வேண்டாம், தொண்டையால் பாடுங்கள் என்று எழுதினான். உங்கள் சபையில் வாய் இருக்கிறவர்கள் நிறைய, கண் இருக்கிறவர் ஒருவருமில்லை என்று பாதிரியாருக்கே எழுதினான். நடுவில் அவன் மனைவியின் கடிதமும் ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை, என் கணவர் உங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறாரா என்று அந்தம்மாள் சபையிடம் விசாரித்திருந்தாள். கோபுரம் முடியும் முன்பே அவனை விரட்டிவிட்டார்கள். கடைசியில் வேறு ஏதோ ஊரில், சாரத்தின் மேல் நின்று ஒரு தச்சரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சுவலி வந்து விழுந்தான். அவனுக்கு அது பொருத்தமான சாவு.

ஆனால் முன்கோபியாக இருப்பது குற்றமாகாது. எனக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. ஆறாவது சனிக்கிழமை கிடைத்தது. எங்கள் சர்ச் வேலை வேண்டும் என்று அவன் எழுதிய விண்ணப்பம். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒருவரிடம் ஆறு வருஷம் பயின்றதாகவும், நான்கு சர்ச்சுகளைத் தன் முழுப் பொறுப்பில் கட்டியதாகவும் பட்டியல் போட்டிருந்தான். இரண்டு பக்கம் படித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

நான்கு சர்ச்சும் ரயில் போகாத கிராமங்களில். நான்கு பாதிரியார்களும் இறந்துவிட்டார்கள். நான்குக்கும் ஒரே வாக்கியம், ‘முழுப் பொறுப்பும் என்னுடையது’. அதில் இரண்டு, அந்தத் தேசத்தின் இரண்டு கோடிகளில், ஒரே குளிர்காலத்தில் நடந்திருந்தன. வேறு யாராவது பார்த்தால் கெட்டிக்காரன் என்பார்கள். எனக்கு அது எந்த வகை எழுத்து என்று தெரியும். நானே அப்படி ஒன்றை எழுதி வந்தவன்.

பதினான்கு வருஷத்துக்கு முன் எடிசனில், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சியின் கெஸ்ட் ஹவுஸில் ஏழு பேர் தங்கியிருந்தோம். ஏழு பேருக்கும் ஒரு ரைஸ் குக்கர். என் உண்மையான அனுபவம் ஒரு வருஷம் எட்டு மாசம். ரெஸ்யூமேயில் ஏழு வருஷம். எங்களைத் தயார் செய்ய ஒருவர் வருவார். “க்ளையன்ட் யாருன்னு கேட்டா அந்தக் கம்பெனிய மூடிட்டாங்கன்னு சொல்லு. மேனேஜர் பேர் கேட்டா ரிசைன் பண்ணிட்டார்னு சொல்லு. எல்லாம் நான்தான் பண்ணேன்னு சொல்லு, டீம்னு சொல்லாத” என்பார். பார்த்தேயிராத ஓர் இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டைத் திருப்பாவை மாதிரி மனப்பாடம் செய்தேன். வேலை கிடைத்தது. பயத்தில் இரண்டு மடங்கு உழைத்தேன், நிலைத்துவிட்டேன்.

இது என் மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவள் ஒழுங்காக இங்கே வந்து எம்.எஸ். படித்து வேலைக்குப் போனவள். ஆள் எடுக்கும் வீடியோ இன்டர்வியூக்களில் பொய் அனுபவக்காரர்களைப் பிடிப்பது அவளுக்கு ஒரு வேட்டை. “வாயசைக்கறது ஒருத்தன், பதில் சொல்றது இன்னொருத்தன். ஃபேக்கு! கட் பண்ணிட்டேன்” என்று அடுத்த அறையிலிருந்து சத்தம் வரும். நான் டீயைக் கொண்டுபோய் வைத்து, “இவனுங்களாலதான் நமக்கெல்லாம் கெட்ட பேரு” என்பேன். பன்னிரண்டு வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். முகம் மாறாது.

இங்கிலாந்தில் அந்தந்த வட்டார ஆவணக் காப்பகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. நான்கு சர்ச்சும் வேறு ஆட்கள் கட்டியவை. ஒன்றில் மட்டும் அவன் பெயர் இருந்தது, அளவெடுக்கும் எழுத்தராக. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆபீஸில் செய்வது போலவே அட்டவணை போட்டேன்: பதினேழு தப்பு, எங்கள் பாஷையில் டிஃபெக்ட், எல்லாம் முதல் தர அபாயம். இந்த ஆள் வழக்கமாகப் பொய் சொல்கிறவன், இவன் எழுத்தில் ஒரு வார்த்தையையும் நம்ப முடியாது என்று முடிவுரை எழுதி, குழுவுக்கும் சங்கத் தலைவிக்கும் அனுப்பினேன். மறு விசாரணைக்கு நாளும் கொடுத்துவிட்டார்கள்.

மனைவியிடம் காட்டினேன். “எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றாள்.

“அனுபவம்தான்.”

“ம்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, அவள் ஹாலில் புனிதரின் கால்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் நான் போட்டோ எடுத்து வந்த கடிதங்கள் எல்லாம் அவள் லேப்டாப்பில் திறந்திருந்தன. மடியில் ஒரு பழைய காகிதக் கட்டு. மஞ்சள் தடவிய ஓரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஜாதகம். பெண் பார்க்கும் காலத்தில் ஈரோட்டிலிருந்து என் அப்பா மதுரைக்கு, அவள் அப்பாவுக்கு அனுப்பியது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்ற பெருமையில் என் ரெஸ்யூமேயையும் அதோடு பின் குத்தி அனுப்பியிருந்தார்.

“ஜாதகத்துப் பின்னாடி மாமா கையால காலேஜ் முடிச்ச வருஷம் எழுதியிருக்கார். ரெஸ்யூமேல இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச வருஷம் போட்டிருக்கு. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்போ நீங்க செகண்ட் இயர் படிச்சிட்டிருக்கீங்க. ரெண்டு சர்ச், ஒரே குளிர்காலம். அதே கேஸ்.”

“இப்பதான் பார்த்தியா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லியிருந்தா நின்னிருக்கும். சொல்லல.”

“ஏன்?”

“போன்ல பேசினப்போ நல்லவரா தெரிஞ்சீங்க. கல்யாணமாகி ஒரு மாசத்துல நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வருஷம்னு நினைச்சேன். ஒவ்வொரு இன்டர்வியூ முடிஞ்சும் ஃபேக்குன்னு கத்தினது யாருக்குன்னு நினைச்சீங்க? டீயைக் கொண்டு வந்து வச்சிட்டு, இவனுங்களால கெட்ட பேருன்னு எனக்கே சொன்னீங்க. அந்த ஆளைப் பிடிக்கறதுக்கு ஆறு சனிக்கிழமை. உங்களைச் சொல்ல பன்னிரண்டு வருஷம் பத்தல.”

வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது அப்புறம். இதைப் படிச்சீங்களா?” லேப்டாப்பைத் திருப்பினாள்.

படிக்கவில்லை. போட்டோ எடுத்தேனே தவிர, அதில் பொய் எதுவும் அகப்படாததால் தாண்டிவிட்டேன். டெஸ்டர் புத்தி. தேடுகிற தப்பு இல்லாத பக்கம் எனக்குப் பக்கமே இல்லை. அது அவனை விரட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் சபைக்கு எழுதியது. வாசல் தெருவோடு தெருவாக இருக்க வேண்டும் என்றுதான் அவன் வரைந்திருக்கிறான். கிழவிகளும் நொண்டிகளும் பிணப்பெட்டியும் யார் தோளும் இல்லாமல் நுழைய வேண்டும் என்று எழுதியிருந்தான். நிர்வாகிகளோ, எதிர்த் தெரு சர்ச்சுக்கு ஏழு படி இருக்கிறது, நமக்கு ஒன்பது வேண்டும் என்று பாதி வேலையில் தளத்தை உயர்த்தச் சொல்லிவிட்டார்கள். வாசல் தூண்களுக்கு அடியில் இலை செதுக்கி முடித்தாயிற்று, அதை உங்கள் படிகளுக்குள்ளேயே புதைத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்க மாட்டேன் என்று முடித்திருந்தான். ஒவ்வொரு வரியிலும் வன்மம். முதல் தடவையாக அவனைத் திட்ட எனக்கு வார்த்தை வரவில்லை.

“உண்மைதாங்க. நீங்க என்னைத் தோள்ல போட்டுட்டு இறங்கறப்போ தலைகீழா அந்தத் தூணைத்தான் பார்த்துட்டு வருவேன். நாலு தடவை பார்த்திருக்கேன். அதுக்குப் பாதமே இல்ல. தூண் அப்படியே கல்லுக்குள்ள போய் சொருகிக்குது. விரற்கடை சாய்ஞ்சா வளைவைப் பிரிக்கற ஆளு பாதமில்லாம தூண் வைப்பானா?”

விசாரணைக்கு நானே வருகிறேன் என்றாள். எப்படி என்று கேட்டேன். “குப்பை ரூம் வழியாத்தான். அந்த நாத்தத்தோடயே போய் உக்கார்றேன். அவங்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.”

நகர மன்றமும் பழைய கட்டடம்தான். அங்கே ராம்ப் இருந்தது. குழுவினர் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகி நகரத்தின் இணையதளத்தில் போடப்படும் என்று முதலிலேயே அறிவித்தார்கள். எனக்கு மூன்று நிமிஷம். பதினேழு டிஃபெக்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, படிகளைப் பற்றிய கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

சங்கத் தலைவி எழுந்தார். வக்கீலாக இருந்தவரல்லவா, குரலே உயரவில்லை. கையில் என் அட்டவணை. “இந்தக் கனவான் போன மாதம் நமக்கு அனுப்பியது இது. இந்த ஆள் வழக்கமாகப் பொய் சொல்கிறவன், இவன் எழுத்தில் ஒரு வார்த்தையையும் நம்ப முடியாது என்கிறார். இன்றைக்கு அதே ஆளின் எழுத்தை நம்பி முன்பக்கத்தை உடைக்கச் சொல்கிறார். நாம் எந்த நாளைய கனவானை நம்புவது?” என்று கேட்டு உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். என் கையாலேயே என் மூக்கை உடைத்துக்கொண்டேன்.

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். பதில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் வேலை போகலாம். வரிசையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிற க்ரீன் கார்டும் போகலாம். சொல்லாவிட்டால் குப்பை அறைதான். பக்கத்தில் அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரேயிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த கடிகாரம் அது என்று எனக்குப் பட்டது.

“அந்த மாதிரி ஆட்கள் எதில் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்” என்றேன். ஆங்கிலம் தடுமாறியது. “யாரும் போய்ப் பார்க்க முடியாத ஊரில் செய்த வேலையைப் பற்றிச் சொல்வார்கள். கண்ணெதிரே இருக்கிற வேலையில் சொல்ல மாட்டார்கள். பயம். அதில் மட்டும் ஒரு விரற்கடை தப்பு வரவிடாமல் எல்லோரோடும் சண்டை போடுவார்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு ரெஸ்யூமேயோடுதான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தேன். அதனால் தெரியும்.”

அப்போது என் மனைவி மைக்கை இழுத்துக்கொண்டாள். பொய் அனுபவக்காரர்களைப் பிடிப்பது தன் வேலையின் ஒரு பகுதி என்றாள். சந்தேகம் வந்தால் பேச்சை நம்ப மாட்டேன், திரையைத் திறந்து செய்து காட்டச் சொல்வேன் என்றாள். “நீங்களும் அதையே செய்யுங்கள். படிகளின் ஓரத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். தூணுக்குக் கீழே இலை இருந்தால் அந்த மனிதர் சொன்னது உண்மை. இல்லையென்றால் நான் குப்பை அறை வழியாகப் போய்க்கொள்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.” மேசைக்குப் பின்னால் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கற்களைப் பெயர்த்தார்கள். இலைகள் இருந்தன. மழையும் செருப்பும் படாததால் நேற்றுச் செதுக்கியது போல நரம்பு நரம்பாக இருந்தன. சங்கத் தலைவி மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தார். “அவர் நினைத்தது...” என்று வழக்கம்போல ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அனுமதி வந்து, ராம்ப் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் வங்கியில் என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. அந்த வீடியோதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். அவள் என்னிடம் பேசுகிறாள், சமைத்ததைச் சாப்பிடுகிறாள். ஃபேக்கு என்று மட்டும் இப்போதெல்லாம் கத்துவதில்லை. அவள் கத்தினால் தேவலை என்றிருக்கிறது.

கடைசிப் பலகையை ஆணியடித்து முடித்த மறுநாள் காலை, அவள் சேலை கட்டிக்கொண்டு, மடியில் பையோடு வாசலுக்கு வந்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

“நீங்க வர வேண்டாம்” என்றாள். “ஜர்னல் ஸ்கொயர் வரைக்கும் போறேன். சும்மா போறேன்.”

“முதல் தடவை. தனியா எப்படி?”

“தனியா போகத்தானே கட்டினது?”

சக்கரத்தைத் தள்ளி, பலகை அதிர, கீழே இறங்கினாள். தெருவைத் தொட்டதும் நின்று திரும்பினாள். “வர மதியமாகும். அதுக்குள்ள உங்க ரெஸ்யூமேயை எழுதி வைங்க. உண்மையானதை.”

“வேலை எதுவும் இப்ப...”

“வேலைக்கு இல்ல. எனக்கு. பன்னிரண்டு வருஷம் முன்னாடி அனுப்பியிருக்க வேண்டியது.”

அவள் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, அந்த ஆள் வேண்டாமென்று சொன்ன படிகளில் மூன்றாவதில் உட்கார்ந்து, அனுபவம் என்ற இடத்தில் ஒரு வருஷம் எட்டு மாசம் என்று எழுதினேன்.